மூட்டுக்குள் இறங்க வேண்டிய எண்ணெய்

(தவக்கால வானொலி மறையுரை)



திருநீற்றுப் புதன்கிழமை வாசிக்கப்படும் நற்செய்தியில், மத்தேயு 6ஆம் அதிகாரத்தில், ஆண்டவர் நமக்கு ஒரு சின்ன வேலை சொல்கிறார். நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ள வரிசையில் நிற்கும் அவசரத்தில் அது நம் காதில் விழுந்தும் விழாமல் போய்விடுகிறது. நோன்பு இருக்கிறவர் முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு ஊருக்குக் காட்ட வேண்டாம்; தலைக்கு எண்ணெய் வைத்து, முகத்தைக் கழுவிக்கொள்ளட்டும்; நோன்பு மறைவாய்க் காண்கிற தந்தைக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்கிறார். கழுவுவது ஒன்று, எண்ணெய் வைப்பது ஒன்று, அதை ஊர் பார்க்கச் செய்யாமல் இருப்பது ஒன்று. இதைப் புரிந்துகொள்ள நாம் இன்று கோவிலுக்குள் போக வேண்டாம். கோவில் வாசலில் நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிள்களைக் கொஞ்சம் குனிந்து பார்ப்போம்.

தியாகதுருகத்திலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் ஞாயிறு திருப்பலிக்கு நம் மக்கள் வருவது பெரும்பாலும் இந்த வண்டியில்தான். அப்பா ஓட்டுகிறார், அம்மா பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கிறார், டேங்க் மேல் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை. (நான்கு பேர் ஏறுவது சட்டப்படி தவறு, ஆபத்தும்கூட. அதை இன்னொரு நாள் தனியாகப் பேசுவோம்.) கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்கும் இதே வண்டி, கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறினாலும் இதே வண்டி, ஜூன் மாதம் மேல்நாரியப்பனூர் புனித அந்தோனியார் திருவிழாவுக்குப் போனாலும் இதே வண்டி. இஞ்சின் எவ்வளவு சக்தி கொடுத்தாலும், அதை இழுத்துப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரே ஒரு செயின். ஒரு குடும்பத்தின் மொத்தப் பாரமும் விரல் அகலம்கூட இல்லாத அந்தச் செயினில் தொங்குகிறது.

புது வண்டி வாங்கினால் மந்திரிக்கக் கொண்டுவருகிறீர்கள். மாலை போட்டு, சந்தனம் வைத்து, பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்துக்கொள்கிறீர்கள். நாங்களும் மகிழ்ச்சியோடு செபித்துத் தீர்த்தம் தெளிக்கிறோம். ஓராண்டு கழித்து அதே வண்டி அதே வாசலுக்கு வரும்போது, பிரசங்கம் நடக்கும் இடம் வரைக்கும் கறகறவென்று சத்தம் கேட்கிறது. தீர்த்தமும் தண்ணீர்தான் அன்பர்களே. செயின்மேல் பட்டால் துடைத்துவிட்டு எண்ணெய் போடத்தான் வேண்டும்.

பட்டறைகளில், "செயின் நீண்டுபோச்சு, மாத்தணும்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இரும்பு எப்படி நீளும்? இழுத்து இழுத்து ரப்பர் மாதிரி நீண்டுவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் தகடுகள் நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியோடு சேரும் இடத்தில் ஒரு சிறிய குழல் இருக்கிறது, அதற்குள் ஓர் ஆணி இருக்கிறது. செயின் பல்சக்கரத்தில் ஏறும்போது அந்த மூட்டு மடங்குகிறது, இறங்கும்போது நிமிர்கிறது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம் என்பதால், ஒரு சுற்றுக்கு நான்கு அசைவு. நம் ஊரில் அதிகம் ஓடும் 100 சிசி வண்டியில் கணக்குப் போட்டால், ஒரு கிலோமீட்டர் போவதற்குள் செயின் ஏறக்குறைய 200 முறை சுற்றுகிறது. அப்படியென்றால் ஒவ்வொரு மூட்டும் ஏறக்குறைய 800 முறை அசைகிறது. எண்ணெய் இல்லாவிட்டால் ஆணியும் குழலும் இரும்போடு இரும்பாக உரசுகின்றன.

ஒரு மூட்டில் தேய்வது எவ்வளவு? மிஞ்சிப்போனால் கால் மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தட்டுப்படாது. ஆனால் செயினில் நூற்றுக்கு மேல் கண்ணிகள். 110 கண்ணி என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் கால் மில்லிமீட்டர் என்றால் மொத்தம் 27 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. அவ்வளவு நீண்டுவிட்ட செயினுக்கு ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். எந்தக் கண்ணியைக் கேட்டாலும், "நான் என்ன பெரிதாகத் தேய்ந்துவிட்டேன்" என்றுதான் சொல்லும்.

குடும்பங்களில் நாங்கள் பார்ப்பதும் இதுதான். அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் வீடுகள் நம் பங்குகளில் எத்தனை! காரணம் கேட்டால் ஊரார் சட்டென்று, "சொத்துத் தகராறு சாமி" என்று முடித்துவிடுவார்கள். உட்கார்ந்து பேசினால் சொத்து கடைசியில்தான் வரும். பொதுக் கிணற்றில் ஒருநாள் தம்பியின் முறை. அண்ணன் மோட்டாரை நிறுத்தக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. மரவள்ளி பிடுங்கும்போது ஆள் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பவில்லை. பிள்ளையின் முதல் நற்கருணை விருந்துக்கு நேரில் வந்து அழைக்காமல் போனில் சொல்லிவிட்டார்கள். வந்த இடத்தில் சின்ன மருமகளுக்குக் கடைசிப் பந்தியில் இலை போட்டார்கள். ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர். ஒவ்வொன்றையும், "இதுக்குப் போயா பேசறது" என்று அன்றன்றைக்கு விட்டுவிட்டார்கள். பத்து ஆண்டுகள் கழித்து வரப்பு ஓரத்தில் ஒரு புளியமரத்துக்காக அறுந்தது. மரத்தின் விலையைக் கேட்டால் சிரிப்பு வரும்.

அறுந்த பிறகு என்ன நடக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். ஒரே கோவிலில் ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம். திருப்பலியில் சமாதானம் பகிரும் நேரத்தில் முன்னாலிருப்பவரைக் கும்பிடுவார்கள், பின்னாலிருப்பவரைக் கும்பிடுவார்கள், நடுப்பாதைக்கு அந்தப் பக்கம் மட்டும் கண் போகாது. பெற்ற தாய் கட்டிலில் கிடக்கும்போது ஒருவர் காலையில் வருவார், மற்றவர் அவர் போனபின் மாலையில் வருவார். நோயில் பூசுதல் கொடுக்கப் போகும் எங்களிடம் அந்தத் தாய்மார்கள் தங்கள் நோயைப் பற்றிச் சொல்வது குறைவு. "பசங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்து நின்னா போதும் சாமி" என்று சொன்ன தாய்மார்களை நாங்கள் அடக்கம் செய்திருக்கிறோம். அவர்களில் சிலருடைய பிள்ளைகள் கல்லறைத் தோட்டத்தில்கூட ஒன்றாக நிற்கவில்லை.

இன்று வண்டிகளில் ஓடும் செயினுக்கு ஒரு வரலாறு உண்டு. சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் செய்த ஹான்ஸ் ரெனால்டு என்பவர் 1880ஆம் ஆண்டு இதை உருவாக்கினார். அதற்கு முன் இருந்த செயின்களில் ஆணி நேராக மெல்லிய தகட்டின் துளையிலேயே உரசும். பாரம் முழுவதும் அந்த மெல்லிய விளிம்பில் விழுவதால் சீக்கிரம் தேய்ந்துவிடும். ரெனால்டு செய்தது, ஆணிக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு குழலை வைத்ததுதான். பாரம் அந்தக் குழலின் முழு நீளத்திலும் பரவியது. செயின் பல மடங்கு உழைத்தது. வெளியில் இருந்து பார்த்தால் அந்தக் குழல் தெரியாது. அதன்மேல் உருளை இருக்கும், பக்கத்தில் தகடு இருக்கும். ஆனால் உரசலை வாங்கிக்கொள்வது அதுதான்.

பல வீடுகளில் அம்மாதான் அந்தக் குழல். அண்ணன் சொன்ன கடுஞ்சொல் தம்பி காதுக்குப் போகாமல் வாங்கி வைத்துக்கொள்வார். தம்பி மனைவி கொடுத்தனுப்பியதாகச் சொல்லி, தானே வாங்கிய முறுக்கைப் பெரிய வீட்டுக்குக் கொண்டுபோவார். சில ஊர்களில் உபதேசியார், சில அன்பியங்களில் படிப்பறிவு அதிகம் இல்லாத ஒரு பாட்டி. இவர்கள் தேய்கிறார்கள் என்பது யாருக்கும் தெரிவதில்லை. எண்ணெய் போய்ச் சேர வேண்டியதும் இந்த இடத்துக்குத்தான். செயினின் வெளித்தகட்டில் எவ்வளவு எண்ணெய் வழிந்தாலும், அது ஆணிக்கும் குழலுக்கும் நடுவில் இறங்காவிட்டால் பயனில்லை. திருத்தூதர் பவுலும் எபேசியருக்கு எழுதும்போது, கிறிஸ்துவின் உடல் தன் மூட்டுகளால் இசைந்து பிணைக்கப்பட்டு வளர்கிறது என்ற கருத்தைத்தான் சொல்கிறார் (4ஆம் அதிகாரம்). கையையும் காலையும் வேறு இடங்களில் பேசியவர், இங்கே மூட்டைப் பற்றிப் பேசுகிறார்.

சரி, எண்ணெய் போடலாம் என்றால் உடனே போட்டுவிடலாமா? முடியாது. தை, மாசி மாதங்களில் நம் சாலைகள் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்கள் வயல்மண்ணைத் தார்ச்சாலை முழுக்க உதிர்த்துக்கொண்டு போகின்றன. அந்தப் புழுதி எண்ணெய்ப் பசையுள்ள செயினில் ஒட்டிக்கொள்கிறது. மண்ணும் எண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எந்த மெக்கானிக்கையும் கேளுங்கள். இரும்பைத் தேய்த்துப் பளபளப்பாக்க அவர்கள் காசு கொடுத்து வாங்கும் பசையே கிட்டத்தட்ட அப்படிப்பட்டதுதான். அழுக்கின்மேல் புது எண்ணெயை ஊற்றினால், அது மண்ணையும் சேர்த்து மூட்டுக்குள் இழுத்துக்கொண்டு போகும். இஞ்சினிலிருந்து வடித்த பழைய கறுப்பு ஆயிலைச் செலவில்லை என்று சிலர் ஊற்றுகிறார்கள். இஞ்சின் கழித்துப்போட்ட இரும்புத்துகளும் கரியும் அதில்தான் இருக்கின்றன. அதைவிட ஊற்றாமலே இருக்கலாம்.

ஊர்ப் பெரியவர்கள் கூடி, இரண்டு பேர் கையையும் பிடித்துச் சேர்த்துவைத்து, "எல்லாம் மறந்துடுங்கப்பா" என்று சொல்லி, அன்றைக்கே கறிச்சோறு போட்டு முடித்துவைக்கும் சமாதானங்களைப் பார்த்திருக்கிறோம். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் கிணற்று முறை பற்றியோ, கடைசிப் பந்தி பற்றியோ ஒரு வார்த்தை பேசப்படவில்லை. அழுக்கு அப்படியே இருக்கிறது, மேலே எண்ணெய் மினுங்குகிறது. அடுத்த பொங்கலுக்குள் முன்னைவிட மோசமாகிறது. மத்தேயு 18இல் ஆண்டவர் காட்டும் முறை வேறு. உனக்கு எதிராகக் குற்றம் செய்த சகோதரனிடம் நீயே போ, முதலில் தனியாகப் பேசு என்கிறார். குற்றத்தை வாய்விட்டுச் சொல்லவே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிடச் சொல்வதும் இதற்காகத்தான். "பொதுவா எல்லாப் பாவமும் சாமி" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறோம்.

சுத்தம் செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறோம், இளைஞர்கள் கவனியுங்கள். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இஞ்சினை ஓடவிட்டு கியரில் போட்டால் சக்கரம் தானாகச் சுற்றும், வேலை சீக்கிரம் முடியும் என்று செய்கிறவர்கள் உண்டு. துணி பல்சக்கரத்தில் சிக்கினால் துணியோடு விரலும் போகும். விரல் இழந்தவர்கள் இருக்கிறார்கள். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும், விரலைப் பல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. மண்ணெண்ணெயில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து அழுக்கை எடுங்கள். பெட்ரோல் வேண்டாம், தீப்பிடிக்கும் ஆபத்து ஒருபுறம், பெரிய வண்டிகளின் செயினில் கண்ணிக்குக் கண்ணி இருக்கும் ரப்பர் வளையங்களையும் அது கெடுக்கும். கம்பிப் பிரஷ்ஷும் வேண்டாம். வாட்டர் சர்வீஸில் குழாயை நேராகச் செயினில் பீய்ச்சவிடாதீர்கள். பிறகு பழைய பனியன் துணியால் நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள்.

எண்ணெய் என்றால் 90 நம்பர் கியர் ஆயில் போதும், இல்லாவிட்டால் செயினுக்கென்றே விற்கும் ஸ்பிரே. கீழ்ப்பக்கச் செயினின் உள்பக்கத்தில், தகடும் தகடும் சேரும் இடத்தில், சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஓடும்போது சுழற்சி எண்ணெயை வெளிப்பக்கம் தள்ளும். உள்ளே விட்டால்தான் மூட்டு வழியாக வெளியே வரும். விட்டதும் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, ஊற நேரம் வேண்டும். அதன்பிறகு வெளியில் நிற்கும் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைக்கும்போது பலருக்கும் மனசு வராது. வெளியில் நிற்கும் எண்ணெய்க்கு அடுத்த புழுதியை வரவேற்பதைத் தவிர வேறு வேலையில்லை. ஏறக்குறைய 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், மழையில் நனைந்த பிறகும் இதைச் செய்தால் போதும். கல்வராயன் மலையில் மழைநாளில் ஏறி இறங்கியிருந்தால் அன்றைக்கே செய்யுங்கள்.

இறுக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. சத்தம் வருகிறதே என்று செயினை வீணைத் தந்திபோல இறுக்கிவிடுகிறார்கள். அதுவும் கெடுதல், பேரிங் போகும், பற்கள் போகும். சின்ன வண்டிகளில் கீழ்ச்செயினின் நடுவில் விரலால் தூக்கி இறக்கினால் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்க வேண்டும். சரியான அளவு உங்கள் வண்டியின் புத்தகத்தில் இருக்கும். இதில் ஒரு நுட்பம் உண்டு. பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரேபோல் இருக்காது, ஒரு பக்கம் தளர்ந்தும் ஒரு பக்கம் இறுகியும் இருக்கும். அதனால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, மிக இறுகலான இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் வைத்துத்தான் ஆட்டத்தை அளக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் அளந்து இறுக்கினால் இறுகலான இடம் அறுந்துபோகும். பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கு இதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் யார் அதிகம் நெருக்கடியில் இருக்கிறாரோ, தேர்வில் தவறிய மகனோ, வேலையில்லாத மருமகனோ, அவரை வைத்துத்தான் வீட்டின் பேச்சு அளக்கப்பட வேண்டும்.

100 சிசி வண்டிகள் பலவற்றில் செயின் முழுவதும் தகர உறைக்குள் இருக்கிறது. புழுதி உள்ளே போகாது, சேலை சிக்காது, நல்லதுதான். ஆனால் உள்ளே என்ன நிலைமை என்பது வெளியில் தெரியாது. வெளியே டேங்க்கை ஷாம்பு போட்டுக் கழுவி, மெழுகு பூசி, கண்ணாடியில் சிலுவை தொங்கவிட்டிருப்போம். உள்ளே செயின் துருவேறி, பற்கள் அரிவாள் முனைபோல வளைந்திருக்கும். சுங்கச்சாவடி தாண்டி நான்குவழிச் சாலையில் வேகமாகப் போகும்போது அந்தச் செயின் அறுந்தால், சில நேரம் வெறுமனே விழுந்துவிடும். சில நேரம் பின்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு இறுக்கிப் பிடித்துவிடும். பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று யோசித்துப் பாருங்கள். அந்த உறையின் ரப்பர் மூடியைக் கழற்றிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். யாரும் பாராட்ட மாட்டார்கள், படம் பிடித்துப் போட முடியாது, கை கறுப்பாகும். மறைவாய்க் காண்கிற தந்தைக்குத் தெரியும் நோன்பு இந்த வகையைச் சேர்ந்தது.

புனித வாரத்தில் நம் புதுவை – கடலூர் உயர்மறைமாவட்டத்தில் பேராயரும் குருக்களும் கூடிப் புது எண்ணெய்களை மந்திரிப்பார்கள். நோயாளர் எண்ணெய், திருமுழுக்குக்கு ஆயத்தமாவோருக்கான எண்ணெய், நறுமணம் கலந்த கிறிஸ்மா. சென்ற ஆண்டு எண்ணெய் பாத்திரத்தில் மீதி இருந்தாலும், அதன்மேல் புதியதை ஊற்றுவதில்லை. பழையதை முறைப்படி அகற்றிவிட்டுப் பாத்திரத்தைச் சுத்தம் செய்து புதியதை வைக்கிறோம். திருமுழுக்கில் பூசப்பட்டோம், உறுதிபூசுதலில் பூசப்பட்டோம், சாகக் கிடக்கும்போதும் பூசப்படுவோம். சகோதரர்கள் ஒன்றாக வாழும் அழகைச் சொல்லவந்த திருப்பாடல் 133, ஆரோனின் தலையில் வார்த்த எண்ணெய் தாடிவழியாக அங்கியின் கழுத்துப்பட்டை வரை இறங்குவதை உவமையாக்குகிறது. அந்த எண்ணெய் தலையோடு நின்றுவிடவில்லை, இறங்கிக்கொண்டே போனது. நம்மேல் பூசப்பட்ட எண்ணெய் எதுவரை இறங்கியிருக்கிறது? அண்ணன் வீட்டு வாசல் வரை இறங்கியிருக்கிறதா?

பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுவரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்றார் ஆண்டவர் (மத்தேயு 5). உனக்கு அவன்மேல் வருத்தம் இருந்தால் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். யார்மேல் தவறு என்று பஞ்சாயத்து பேசி முடிவு தெரிந்தபின் போகச் சொல்லவும் இல்லை. குருத்தோலை ஞாயிறுக்கு முன் இன்னும் சில நாட்கள் கையில் இருக்கின்றன. போகும்போது பழைய கணக்கு முழுவதையும் ஒரே நாளில் தீர்க்க வேண்டும் என்று நினைத்துப் போகாதீர்கள். கிணற்று முறையில் நம்மால் நடந்த ஒரு தவறை மட்டும், அந்த ஒரு மூட்டை மட்டும், வாய்திறந்து சொல்லிவிட்டு, கொடுக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தால் அன்றைக்கு அது போதும். "இப்பதான் வழி தெரிஞ்சுதா" என்று ஒரு சொல் வரும். வரட்டும். அழுக்கு கழன்று வரும்போது முதலில் கறுப்பாகத்தான் வரும்.

செயினுக்கு எண்ணெய் விட மாலை நேரம் நல்லது, ஓடிவந்த சூட்டில் எண்ணெய் நன்றாக இறங்கும். விட்டபிறகு இரவு முழுவதும் வண்டியை எடுக்க வேண்டாம். அதனால் இன்று மாலை எண்ணெய் விட்டுக் கையைக் கழுவியவுடன், அண்ணன் வீட்டுக்கோ தம்பி வீட்டுக்கோ போவதாக இருந்தால், நடந்தே போய்விட்டு வாருங்கள். காலையில் மிச்ச எண்ணெயைத் துடைக்க ஒரு பழைய துணியை இப்போதே சீட்டுக்கு அடியில் எடுத்து வையுங்கள்.